சிப் மேல் எழுத்து அழிந்துபோன போர்டில் எந்த பிராசசர் இருக்கிறது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

உங்கள் கேள்வியில் மூன்று கேள்விகள் கலந்திருக்கின்றன. முதலில் அவற்றைப் பிரித்துக்கொள்கிறேன். உங்களிடம் மூன்று போர்டுகள் இருக்கின்றன: ஆர்டுயினோ நானோ மாதிரி ஒன்று, "புளூ பில்" என்று சொல்லி விற்ற நீலப் போர்டு ஒன்று, வைஃபை உள்ள இஎஸ்பி போர்டு ஒன்று. நானோவில் சிப் மேல் இருந்த எழுத்து தேய்ந்துவிட்டது. நண்பர் சொன்னபடி டிவைஸ் மேனேஜரைத் திறந்தால் "சிஎச்340" என்று வருகிறது, அதுதான் பிராசசரா என்று கேட்கிறீர்கள். அப்புறம், விண்டோஸில் கம்ப்யூட்டரின் பிராசசர் பெயர் தெரிகிறதே, அதே மாதிரி எந்தப் போர்டில் ஏற்றினாலும் "நான் இந்தச் சிப்" என்று சொல்லும் ஒரே புரோகிராமை எழுத முடியுமா என்றும் கேட்டிருக்கிறீர்கள்.

சிஎச்340 உங்கள் பிராசசர் இல்லை. எல்லாப் போர்டுக்கும் பொதுவான ஒரே புரோகிராமும் முடியாது. ஆனால் ஒவ்வொரு போர்டையும் அதற்கான கருவியால் தனித்தனியாகக் கேட்டால், பெரும்பாலும் சந்தேகமில்லாத பதில் கிடைக்கும். மைக்ரோகன்ட்ரோலர்களுக்கு ஃபர்ம்வேர் எழுதுவதும், வேலை செய்யாத போர்டுகளைப் பார்த்துக் கொடுப்பதும் என் தொழில். இந்த விஷயத்தில் நான் எப்போதும் முதலில் பார்ப்பது, திரையில் வரும் பதிலைச் சொல்வது யார் என்பதைத்தான். சிப்பின் சிலிக்கானே சொல்கிறதா, அதில் யாரோ ஏற்றிவைத்த பூட்லோடர் (புரோகிராமை உள்ளே ஏற்றிக்கொள்ளும் சின்ன மென்பொருள்) சொல்கிறதா, பக்கத்தில் இருக்கும் வேறொரு சிப் சொல்கிறதா, அல்லது நாம் மெனுவில் தேர்ந்தெடுத்ததே நமக்குத் திரும்பி வருகிறதா? இது தெரியாமல் பதிலை நம்பினால் வீணாக அலைய வேண்டிவரும்.

சிஎச்340-இல் தொடங்கலாம். நானோவில் வழக்கமாக இருக்கும் ஏடிமெகா328பி சிப்பிற்கு யூஎஸ்பி பேசத் தெரியாது. அதற்குத் தெரிந்தது சாதாரண சீரியல் மட்டும். அதனால் நடுவில் யூஎஸ்பியைச் சீரியலாக மாற்றிக் கொடுக்கும் இன்னொரு சிப்பை வைக்கிறார்கள். கம்ப்யூட்டர் அந்த இடைச் சிப்பைத்தான் பார்க்கிறது. டிவைஸ் மேனேஜரில் அந்தப் போர்ட்டின் பண்புகளைத் திறந்து "ஹார்ட்வேர் ஐடி" பகுதியைப் பாருங்கள். தயாரிப்பு எண் 7523 என்றால் சிஎச்340. தயாரிப்பாளர் எண், தயாரிப்பு எண் இரண்டும் 0403, 6001 என்ற ஜோடியாக வந்தால் எஃப்டிடிஐ நிறுவனத்தின் எஃப்டி232. அசல் ஆர்டுயினோ ஊனோ ஆர்3 என்றால் 2341, 0043 வரும். அங்கே இடைச் சிப்பாக இருப்பது ஏடிமெகா16யூ2. இதே சிஎச்340-ஐ நானோவிலும் பார்க்கலாம், இஎஸ்பி8266 போர்டிலும் பார்க்கலாம். ஆகவே அந்த எண்ணை வைத்து பின்னால் இருக்கும் பிராசசரைப் பற்றி எதுவும் சொல்ல முடியாது.

அந்த எண்களும் மாற்றி எழுதக்கூடியவைதான். 2014 அக்டோபரில் விண்டோஸ் அப்டேட் வழியாக வந்த எஃப்டிடிஐ டிரைவர், போலி எஃப்டி232 சிப்புகளின் தயாரிப்பு எண்ணை 0000 என்று மாற்றிவிட்டது. அதோடு அந்தப் போர்டுகளைக் கம்ப்யூட்டருக்கு அடையாளம் தெரியாமல் போயிற்று. யூஎஸ்பி வசதி பிராசசருக்குள்ளேயே இருக்கும் ஆர்டுயினோ லியோனார்டோ மாதிரிப் போர்டிலும், எண்ணைச் சொல்வது அதில் ஓடும் மென்பொருள்தான். பூட்லோடர் ஓடும்போது 0036 என்றும், உங்கள் ஸ்கெட்ச் (நீங்கள் எழுதிய ஆர்டுயினோ புரோகிராம்) ஓடும்போது 8036 என்றும் ஒரே போர்டு இரண்டு எண்களைக் காட்டும்.

அடுத்தது, ஒரே புரோகிராம் ஏன் முடியாது என்பது. நீங்கள் எழுதும் சி++ வரிகள் பொதுவானவைதான், ஆனால் போர்டில் ஏறுவது அந்த வரிகள் இல்லை. நானோவில் இருக்கும் ஏவிஆர் வகைச் சிப்பிற்காகக் கம்பைல் செய்த கட்டளைகள், புளூ பில்லில் இருக்கும் கார்டெக்ஸ்-எம்3 வகைச் சிப்பிற்கு வெறும் குப்பை எண்கள். "நீ யார்" என்று கேட்கும் முதல் கட்டளையே அங்கே ஓடாது. இணையத்தில் கிடைக்கும் சில நிரல்களில் "இஃப்டெஃப்" போட்டு, இந்தச் சிப் என்றால் இது, அந்தச் சிப் என்றால் அது என்று எழுதியிருப்பார்கள். பார்த்தால் சிப்பைக் கண்டுபிடிக்கிற மாதிரியே இருக்கும். உண்மையில் அந்த மேக்ரோக்கள் எல்லாம் டூல்ஸ் மெனுவில் நீங்கள் எந்தப் போர்டைத் தேர்ந்தெடுத்தீர்களோ அதிலிருந்து வருபவை. ஒரே மூல நிரலைப் பல போர்டுகளுக்குக் கம்பைல் செய்ய அது நல்ல வழி. கையில் இருப்பது என்ன என்று தெரிந்துகொள்ள அது உதவாது.

சரி, நானோவுக்கு வருவோம். முதலில் கண்ணால் பாருங்கள். சதுரமான உடல், பக்கத்துக்கு 8 கால்கள், மொத்தம் 32 என்றால் 328பி குடும்பமாக இருக்க வாய்ப்பு அதிகம். எழுத்து அழிந்ததாகத் தோன்றினாலும் பல நேரம் லேசர் கீறல் அடியில் மிச்சம் இருக்கும். ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் நனைத்த பஞ்சால் துடைத்துவிட்டு, போன் டார்ச்சைப் பக்கவாட்டில், ஏறக்குறைய சிப்பின் மேற்பரப்புக்கு இணையாகப் பிடித்துப் பாருங்கள். நேராக அடிக்கும் வெளிச்சத்தில் தெரியாத எழுத்து அந்தச் சாய்ந்த வெளிச்சத்தில் தெரியும். ஆனால் எழுத்து தெரிந்துவிட்டால் விஷயம் முடிந்தது என்று நினைக்காதீர்கள். பழைய எழுத்தைச் சுரண்டி, கறுப்புப் பூச்சு பூசி, மேலே புது எழுத்து அடித்த சிப்புகள் சந்தையில் உண்டு. எழுத்தை ஒரு தடயமாக மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது சிக்னேச்சர் பைட்டுகள். ஏவிஆர் சிப் ஒவ்வொன்றிலும், தயாரிக்கும்போதே பதிந்த மூன்று பைட்டுகள் உண்டு. முதல் பைட் தயாரிப்பாளரைச் சொல்லும். ஹெக்ஸில் 1ஈ என்றால் அட்மெல். 2016-இல் மைக்ரோசிப் அட்மெலை வாங்கிய பிறகும் இந்தக் குடும்பத்தில் அந்த எண் மாறவில்லை. இரண்டாவது பைட் ஃப்ளாஷ் நினைவகத்தின் அளவைக் காட்டும்: 93 என்றால் 8 கிலோபைட், 94 என்றால் 16, 95 என்றால் 32. மூன்றாவது பைட் அந்த அளவுக்குள் எந்த மாடல் என்று சொல்லும். 95-க்குப் பின் 0எஃப் வந்தால் ஏடிமெகா328பி, 14 வந்தால் "பி" இல்லாத 328, 16 வந்தால் 328பிபி. 94 06 வந்தால் ஏடிமெகா168. நானோ வடிவத்தில் 168 சிப் வைத்த போர்டுகளும் உண்டு. நினைவகம் பாதிதான் என்பதால் பெரிய ஸ்கெட்ச் அதில் ஏறாது.

இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். யூஎஸ்பி கேபிளை மாட்டி ஆர்டுயினோ ஐடிஇ வழியாக அப்லோடு செய்யும்போது ஏவிஆர்டியூட் என்ற ஏற்றும் கருவி ஒரு சிக்னேச்சரைக் காட்டுமே, அதைச் சொல்வது சிப் இல்லை, பூட்லோடர். ஊனோவிலும் புதிய நானோவிலும் இருக்கும் ஆப்டிபூட்டின் மூல நிரலைத் திறந்து சிக்னேச்சர் கேட்கும் இடத்தைப் பாருங்கள். "ஏவிஆர்டியூட் எதைக் கேட்க விரும்புகிறதோ அதைத் திருப்பிக் கொடு" என்ற பொருளில் ஒரு குறிப்பு எழுதியிருக்கும். அடுத்த மூன்று வரிகளும் பூட்லோடரைக் கம்பைல் செய்தபோதே உறைந்துவிட்ட எண்களை அனுப்பும். அரை கிலோபைட்டுக்குள் ஒரு பூட்லோடரை அடக்க வேண்டியிருக்கும்போது அது நியாயமான சிக்கனம்தான். ஆனால் 328பிபி சிப்பில் 328பி-க்கான பூட்லோடரை ஏற்றியிருந்தால், ஐடிஇ உங்களுக்கு 328பி என்றுதான் காட்டும்.

சிலிக்கானே சொல்லும் பதில் வேண்டுமென்றால் இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, போர்டின் ஓரத்தில் இருக்கும் ஆறு ஊசி ஐஎஸ்பி இணைப்பில் யூஎஸ்பிஏஎஸ்பி மாதிரி ஒரு புரோகிராமரை மாட்டி ஏவிஆர்டியூட்டை ஓட்டுவது. இதில் பூட்லோடர் குறுக்கே வராது. கையில் இன்னொரு ஊனோ இருந்தால் "ஆர்டுயினோ அஸ் ஐஎஸ்பி" ஸ்கெட்சை ஏற்றி அதையே புரோகிராமராகப் பயன்படுத்தலாம். இரண்டாவது வழிக்கு எந்தக் கருவியும் வேண்டாம், ஒரு சின்ன ஸ்கெட்ச் போதும். ஏவிஆர் நூலகத்தின் "பூட்" தலைப்புக் கோப்பில் பூட்_சிக்னேச்சர்_பைட்_கெட் என்று ஒரு மேக்ரோ இருக்கிறது. அதற்கு 0, 2, 4 என்ற முகவரிகளைக் கொடுத்து வரும் மூன்று பைட்டுகளையும் ஹெக்ஸில் சீரியல் மானிட்டருக்கு அனுப்புங்கள். இது சிப்பிற்குள் பதிந்த எண்களை நேராகப் படிக்கும். அப்லோடே ஆகவில்லை என்றால், சிப் வேறு என்று முடிவுகட்டும் முன் மெனுவில் பிராசசரை "ஓல்டு பூட்லோடர்" என்று மாற்றிப் பாருங்கள். பழைய நானோ பூட்லோடர் 57600 வேகத்தில் பேசும், புதியது 115200-இல் பேசும். பல நேரம் பிரச்சினை இவ்வளவுதான்.

இதிலும் பிடிபடாத ஒரு வகை இருக்கிறது. லாஜிக்கிரீன் நிறுவனத்தின் எல்ஜிடி8எஃப்328பி நானோ வடிவப் போர்டுகளில் பரவலாக வருகிறது. ஏவிஆர் கட்டளைகளை ஓட்டும், பூட்லோடர் வழியே கேட்டால் 328பி-யின் எண்ணையே சொல்லும். இருந்தாலும் அது வேறு சிப். 32 மெகாஹெர்ட்ஸ் வரை ஓடும், ஏடிசி (மின்னழுத்தத்தை எண்ணாக மாற்றும் பகுதி) 10 பிட்டுக்குப் பதில் 12 பிட், ஈபிராமை (மின்சாரம் போனாலும் அழியாத சின்ன நினைவகம்) ஃப்ளாஷின் ஒரு பகுதியில் பாவனை செய்துகொள்கிறது. ஐஎஸ்பி முறையே அதற்குக் கிடையாது. அதனால் யூஎஸ்பியில் எல்லாம் சரியாக ஏறுகிறது, ஐஎஸ்பி புரோகிராமரை மாட்டினால் மட்டும் பதிலே இல்லை, இணைப்பும் சரியாக இருக்கிறது என்றால் இதைச் சந்தேகிக்கலாம். நான் இதை உறுதி என்று சொல்ல மாட்டேன். ஐஎஸ்பி பதில் சொல்லாமல் போவதற்குச் செத்த கிரிஸ்டல், தவறாக எழுதிய ஃப்யூஸ் (சிப்பின் அமைப்புகளை வைத்திருக்கும் பிட்டுகள்) என்று வேறு காரணங்களும் உண்டு. இரண்டு மூன்று தடயங்கள் ஒரே பக்கம் காட்டினால்தான் முடிவுக்கு வர வேண்டும்.

நீல போர்டுக்கு வருவோம். புளூ பில்லில் இருக்க வேண்டியது எஸ்டி நிறுவனத்தின் எஸ்டிஎம்32எஃப்103சி8டி6. எழுத்தும் அப்படியே இருக்கும். ஆனால் போலிகளும் நகல்களும் இந்தப் போர்டில் அளவுக்கு அதிகமாகப் புழங்குகின்றன. ஜிடி32, ஏபிஎம்32 என்று சொந்தப் பெயரில் வரும் நகல்களைப் பற்றி எனக்குக் குறை இல்லை. சொல்லிவிட்டு விற்பது நேர்மையான வியாபாரம். எஸ்டி பெயரை அடித்து வேறு சிப்பை விற்பதுதான் தப்பு.

இதைச் சோதிக்க எஸ்டி-லிங்க் புரோகிராமர் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள், விலை அதிகம் இல்லை. ஓபன்ஓசிடி என்ற டீபக் மென்பொருளை ஓட்டியதும் முதலில் வருவது டீபக் போர்ட்டின் அடையாள எண். அசல் சிப் 1பிஏ01477 என்று சொல்லும். சிஎஸ்32 நகல் 2பிஏ01477 என்று சொல்லும். முதல் இலக்கம்தான் வித்தியாசம். ஓபன்ஓசிடி "எதிர்பாராத ஐடிகோட்" என்று எழுதி நின்றுவிடும். அடுத்து 0xஈ000ஈடி00 என்ற முகவரியைப் படியுங்கள். கார்டெக்ஸ்-எம் சிப் எல்லாவற்றிலும், பிராசசர் கருவின் அடையாள எண்ணை வைத்திருக்கும் சிபியூஐடி ரிஜிஸ்டர் இருக்கும் இடம் அது. அசல் எஃப்103 இங்கே 411எஃப்சி231 என்று கொடுக்கும். முதல் இரண்டு இலக்கமான 41 ஆர்ம் நிறுவனத்தைக் குறிக்கும், நடுவில் வரும் சி23 கார்டெக்ஸ்-எம்3-ஐக் குறிக்கும். மூன்றாவது இலக்கம் அந்தக் கருவின் திருத்தப் பதிப்பு. அது 1 இல்லாமல் 2 ஆக இருந்து, 412எஃப்சி231 என்று வந்தால், எஸ்டி இந்தச் சிப்பில் வைத்த கரு அது இல்லை. ஜிடி32-இல் அப்படி வரும். இந்த எண் சிலிக்கானிலேயே இருப்பது என்பதால் மேலே அடித்த எழுத்தைவிட இதை நம்புவேன். ஆனால் இரண்டும் அசல் மாதிரியே வந்துவிட்டால் "அசல்தான்" என்று சத்தியம் செய்ய முடியாது. "போலி என்று காட்ட எதுவும் இல்லை" என்பதுவரைதான் சொல்லலாம்.

எஸ்டி-யின் சொந்த அடையாள ரிஜிஸ்டர் 0xஈ0042000 முகவரியில் இருக்கிறது. அதன் கடைசி மூன்று இலக்கம் 410 என்றால் எஃப்103-இன் மீடியம் டென்சிட்டி வகை. இதை டீபக்கர் மூலம்தான் படிக்க வேண்டும். உங்கள் புரோகிராமுக்குள்ளிருந்தே படிக்க முயன்றால் இந்த வகைச் சிப்பில் சரியான மதிப்பு வராது. எஸ்டி-யே பிழைப் பட்டியலில் இதை ஒப்புக்கொண்டிருக்கிறது. ஃப்ளாஷ் அளவைச் சொல்லும் இடத்திலும் கவனம் வேண்டும். சி8 என்ற எழுத்துக்கு 64 கிலோபைட் என்று அர்த்தம், ரிஜிஸ்டரும் 64 என்றே சொல்லும். ஆனால் பல சிப்புகளில் 128 கிலோபைட்டும் எழுதிப் படிக்க முடிகிறது. அந்த மேல் பாதி வேலை செய்கிறது என்பதற்காக ஒரு பொருளில் வைத்து விற்காதீர்கள். அந்தப் பாதிக்கு எஸ்டி எந்த உத்தரவாதமும் கொடுக்கவில்லை.

மூன்றிலும் சுலபமானது இஎஸ்பி போர்டு. இஎஸ்பிடூல் என்ற கருவியை ஓட்டினால் அதுவே எந்தச் சிப் என்று கண்டுபிடித்து, பதிப்பு எண், கிரிஸ்டல் வேகம், மேக் முகவரி எல்லாவற்றையும் வரிசையாகக் காட்டும். இஎஸ்பி8266-க்கும் இஎஸ்பி32-க்கும் அது 0x40001000 என்ற ஒரே முகவரியைப் படிக்கிறது. ஒவ்வொரு வகையிலும் அங்கே வேறு மதிப்பு இருப்பதால் சட்டென்று பிரித்துவிடுகிறது. பதில் சொல்வது சிப்பிற்குள் தயாரிப்பிலேயே பதிந்த ரோம் பூட்லோடரும் ஒருமுறை மட்டும் எரிக்கக்கூடிய இஃப்யூஸ்களும் என்பதால் தாராளமாக நம்பலாம். ஃப்ளாஷ் மட்டும் பெரும்பாலும் தனிச் சிப். அதன் ஐடியைக் கேட்டால் கடைசி பைட் அளவைச் சொல்லும். ஹெக்ஸில் 16 வந்தால் அது பத்தடிமானத்தில் 22, அதாவது இரண்டின் 22-ஆம் அடுக்கு, 4 மெகாபைட். 16 மெகாபைட் என்று சொல்லி வாங்கியிருந்தால் 18 வர வேண்டும். ஒன்று மட்டும் இதில் கிடைக்காது: போர்டின் பெயர். எல்இடி எந்த ஊசியில், பட்டன் எந்த ஊசியில் என்பதெல்லாம் சிப்பிற்குத் தெரியாது. அதற்கு போர்டின் சர்க்யூட் படம் வேண்டும், அல்லது மல்டிமீட்டரை வைத்துத் தடம் பிடிக்க வேண்டும்.

கம்ப்யூட்டரில் மட்டும் எப்படிப் பெயர் தெரிகிறது என்ற கேள்வி மிச்சம் இருக்கிறது. 1993-இல் வந்த பென்டியம் காலத்திலிருந்து இன்டெல் வகைப் பிராசசர்களில் சிபியூஐடி என்றே ஒரு கட்டளை இருக்கிறது. அதைக் கூப்பிட்டால் "ஜெனுயின்இன்டெல்", "அதென்டிக்ஏஎம்டி" என்று பன்னிரண்டு ஆங்கில எழுத்துகள் மூன்று ரிஜிஸ்டர்களில் வந்து விழும். கூடவே குடும்பம், மாடல், ஸ்டெப்பிங் எண்கள். அதற்கு முன்பு புரோகிராமர்கள் நடத்தையை வைத்துத்தான் பிரித்தார்கள். ஃப்ளாக் ரிஜிஸ்டரின் மேல் நான்கு பிட்டுகளை அழிக்கப் பார்த்தால் 8086-இல் அவை எப்போதும் 1 ஆகவே நிற்கும், 286-இல் ரியல் மோடில் எப்போதும் 0. பதினெட்டாவது பிட்டை மாற்ற முடிந்தால் 486, முடியாவிட்டால் 386. இருபத்தோராவது பிட்டை மாற்ற முடிந்தால் சிபியூஐடி கட்டளையே இருக்கிறது என்று அர்த்தம். பெயர் சொல்லத் தெரியாத சிப்பை வேலை கொடுத்துப் பார்த்து அடையாளம் காணும் இந்த முறையை நான் மிகவும் மதிக்கிறேன். எல்ஜிடி சிப்பை ஏடிசி-யின் 12 பிட்டை வைத்துப் பிடிப்பதும் இதே வழிதான்.

கம்ப்யூட்டரிலும் பதில் சொல்வது யார் என்று பார்க்கத்தான் வேண்டும். விண்டோஸில் நீங்கள் பார்க்கும் நீளமான பெயர் வேறு, குடும்ப-மாடல் எண்கள் வேறு. ஏஎம்டி பிராசசர்களில் அந்தப் பெயர்ச் சரத்தை பயாஸ் எழுத முடியும். விர்ச்சுவல் மெஷினுக்குள் எல்லாப் பதிலையும், அதை நடத்தும் மென்பொருளான ஹைப்பர்வைசர் தன் இஷ்டப்படி கொடுக்கலாம். ராஸ்பெர்ரி பை என்ற சின்னக் கம்ப்யூட்டரில் இன்னொரு குழப்பம் உண்டு. சிபியூஇன்ஃபோ கோப்பில் ஹார்ட்வேர் என்ற வரி, பை 3-இலும் பை 4-இலும்கூட "பிசிஎம்2835" என்றே நெடுநாள் காட்டிவந்தது. அது முதல் பையின் சிப். அந்த வரியை விட்டுவிட்டு ரிவிஷன் எண்ணைப் பாருங்கள். ஏ02082 என்றால் வலமிருந்து நான்காவது இலக்கம் 2, அது பிசிஎம்2837, பை 3. சி03111 என்றால் அதே இடத்தில் 3, அது பிசிஎம்2711, பை 4.

ஆகவே, வேலையை இஎஸ்பியில் தொடங்குங்கள். அதற்குக் கேபிள் மட்டும் போதும். நானோவில் அந்தச் சின்ன ஸ்கெட்சை ஏற்றி மூன்று பைட்டுகளையும் குறித்துக்கொள்ளுங்கள். 95 0எஃப் வந்தால் மெனுவில் ஏடிமெகா328பி என்று வைத்து வேலையைத் தொடரலாம். 95 16 வந்தால் 328பிபி-க்கான ஆர்டுயினோ கோர் (போர்டு ஆதரவுத் தொகுப்பு) ஒன்றை நிறுவிக்கொண்டால் அதன் கூடுதல் சீரியல் போர்ட்டும் கிடைக்கும். புளூ பில்லுக்கு எஸ்டி-லிங்க் வந்ததும் ஓபன்ஓசிடி-யின் முதல் பத்து வரிகளை அப்படியே இங்கே போடுங்கள். ஐடிகோட் 2-இல் தொடங்கி அது நின்றுவிட்டால், எஃப்1 வகைக்கான கான்ஃபிக் கோப்பில் சிபியூடேப்ஐடி என்ற மதிப்பை உங்கள் சிப் சொல்லும் எண்ணுக்கு மாற்றினால் போதும், மறுபடி ஓடும்.